முதலில் ஈயம் கேட்டவருக்கு

இன்று காலை ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி நம் லயத்து வீட்டுக்கே வந்து உங்கள் ஏரோப்ளேனைக் கொடுத்துவிட்டுப் போனார். சண்டை முடிந்து வந்திருக்கும் புதுத் துரைக்காகப் பங்களாவைச் சுத்தம் செய்தபோது அலமாரிக்கு அடியில் கிடந்ததாம். "உன் வீட்டுக்காரர் கைவேலைம்மா, நீயே வச்சுக்கோ" என்றார். உள்ளங்கை அளவுத் தகரம். இறக்கையில் தீட்டிய சிவப்பு வட்டம் பாதி உரிந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. அடுப்பில் போட்டுவிடலாமா என்று இருந்தது.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார் பாதிரியார். உயிரோடு இருந்தபோது திட்டாமல் விட்டதை நான் வேறு எப்போதுதான் திட்டுவது?

தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்த்து முடித்து வந்தால் உங்களுக்கு இன்னொரு வேலை தொடங்கிவிடும். தேயிலைப் பெட்டி விளிம்பில் அடிக்கும் தகரப் பட்டையில் உடைந்ததையெல்லாம் பொறுக்கி வந்து வாசலில் பரப்பி ஏரோப்ளேன் செய்வீர்கள். தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டால் சோற்றைப் போட்டுவிட்டு ஓடுவீர்கள். மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த என் தம்பி அருளப்பனும் உங்களோடு கூட்டு. சக்கரத்துக்குத் தன் சட்டைப் பொத்தானையே பிய்த்துக் கொடுத்தவன் அவன்.

"மச்சான், இதுல என்னையும் ஏத்தி விடுங்க" என்பான்.

"உன் கனத்துக்கு றெக்கை ஒடிஞ்சிரும்டா" என்பீர்கள்.

நானும் சிரித்திருக்கிறேன், பொய் சொல்லவில்லை. நீங்கள் செய்த ஒன்றை வெள்ளைக்காரத் துரை தன் மேசையிலேயே வைத்திருந்தார். அதில் எனக்கும் பெருமைதான்.

சண்டை வந்ததும் அவர் ஓடிப்போனார். அந்த நாற்காலியில் ஜப்பான் அதிகாரி வந்து உட்கார்ந்தான். மேசையில் இருந்ததைப் பார்த்து, செய்தது யார் என்று கேட்டான். தன் நாட்டு விமானம் ஒன்று செய்து தரச் சொன்னான். நீங்கள் மூன்று வாரம் வேறு நினைப்பில்லாமல் அதையே செய்தீர்கள். அந்த மூன்றாவது வாரத்தில்தான், சயாமில் ரயில் ரோடு போட இழுத்துப் போகப் போகிறவர்களின் பெயரை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வாசித்தார்கள். அருளப்பன் பெயரும் இருந்தது.

நீங்கள் பங்களாவுக்குப் புறப்பட்ட அன்று கதவை மறித்துக்கொண்டு நின்றேன். "அவன் சந்தோசப்படுவான். என்னா வேணும்னு கேப்பான். தம்பி பேரை எடுக்கச் சொல்லுங்க. வேற பேச்சே வேணாம்."

"சரி புள்ள" என்றீர்கள்.

திரும்பி வந்தபோது உங்கள் கையில் ஒரு சுருள் ஈயம் இருந்தது.

"பத்தவைக்கிற ஈயம் புள்ள! என்னா வேணும்னு கேட்டான். கிராணிதான் மலாய் பாஷையில சொன்னாரு. இனி றெக்கை ஆடவே ஆடாது."

"தம்பி பேரு?"

"அட, மொத தடவையே அவ்வளவு பெருசாவா கேக்குறது? சின்னதா கேட்டாத்தான் நம்ம மேல மதிப்பு வரும். ரெண்டு இஞ்சின் வச்சது ஒண்ணு செஞ்சு, அதைக் குடுத்துட்டுக் கேக்குறேன். லாரி வர இன்னும் பத்து நாளு இருக்குலா."

எங்கிருந்து வந்தது இந்தப் புத்தி என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் எல்லோருக்கும் அதே புத்திதான். துரை முன்னால் போனால் முதலில் சில்லறையாக ஒன்று கேட்க வேண்டும், அவர் மனம் குளிர்ந்த பிறகு அடுத்த முறைதான் உண்மையானதைக் கேட்க வேண்டும். வெள்ளைக்காரத் துரையிடம் நீங்கள் முதலில் ஒரு வாளி கேட்டீர்கள். அடுத்த மாதம் நம் கூரைக்குத் தகரம் கேட்டு வாங்கினீர்கள். அது பலித்துவிட்டது. அதனால் என் தம்பியின் உயிரையும் கூரைத் தகரம்போல வரிசையில் நிறுத்திவிட்டீர்கள். அடப்பாவி மனுசா!

ஆறாம் நாள் அந்த அதிகாரியை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். பதிலுக்கு வந்தவன் உங்களை வாசற்படி ஏறவே விடவில்லை. பத்தாம் நாள் லாரி வந்தது. ஏறும்போது அருளப்பன் என் காதருகே வந்து, "அக்கா, மச்சானத் திட்டாத. அவரு மனசு தாங்காது" என்றான். போகிறவன் கேட்டதால்தான் வாயைக் கட்டிக்கொண்டேன். உங்களுக்குக் கஞ்சி ஊற்றினேன், துணி துவைத்தேன், பேச்சு மட்டும் இல்லை. நீங்களும் அதன்பிறகு தகரத்தைத் தொடவில்லை. கடைசி மழையில் காய்ச்சல் வந்தது. மருந்து கிடைக்கவில்லை. நினைவு தப்பிய பிறகும் உங்கள் விரல்கள் பாய் ஓரத்தை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்போதாவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் நான். பேசவில்லை. அந்தக் கோபம் என் மேலேயே இருக்கிறது.

ஜப்பான்காரன் மேல் எனக்கிருக்கும் கோபம் ஊருக்கே பொதுவானது. உங்கள் மேல் இருப்பது என்னுடையது மட்டும். அதை யாரோடும் பங்கு போட முடியவில்லை.

சயாமிலிருந்து நம் தோட்டத்துக்கு இரண்டு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். ஒருவர் அருளப்பனை ஆற்றோரக் கொட்டகையில் பார்த்தேன் என்கிறார். மற்றவர் பார்க்கவே இல்லை என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று மத்தியானம் கிராணியை அழைத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன்.

வழியெல்லாம் அவர் அதே பாட்டைப் பாடினார். "மொதல்ல சலாம் போடும்மா. அரிசி, சீனி ஏதாச்சும் கேளு. தம்பி விசயத்தை அடுத்த மாசம் மெதுவா எடுக்கலாம்."

நான் படியில் கால் வைத்ததுமே கேட்டுவிட்டேன். "துரை, சயாமுக்குப் புடிச்சிக்கிட்டுப் போன என் தம்பி அருளப்பன் எங்க?"

கிராணிக்கு முகம் வெளுத்துவிட்டது. துரை அவரை மொழிபெயர்க்கச் சொன்னார். பிறகு அருளப்பன் பெயரை இரண்டு முறை கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றார். பதில் வருமோ வராதோ, எனக்குத் தெரியாது. வராவிட்டால் மறுபடியும் போவேன். இனி எவன் முன்னால் நின்றாலும் முதலில் என் வாயில் வருவது தம்பி பெயர்தான்.

கேட்டு முடிக்க ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவுதானா என்று எனக்கே திகைப்பாக இருந்தது. அந்த ஒரு மூச்சு உங்களிடம் ஏன் இல்லாமல் போயிற்று?