அழகுராஜாவைப் பற்றி நான் சொல்லாதது

ஜூலை 22, 2025, செவ்வாய்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை இன்று நின்றுகொண்டே போனேன். தேர் நெருங்குவதால் பஸ்ஸில் அப்படி ஒரு கூட்டம். கல்லூரிக்குள் நுழைந்ததுமே முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். புதிய கணினிக் கூடத்துக்கு அழகுராஜா பெயரை வைக்கப் போகிறார்களாம். அவர் இறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பெயர் வைப்பதற்கு முன்னால் மாணவிகளுக்கு ஒரு விவாத மேடை. தலைப்பு: ‘அழகுராஜா என்றைக்கும் போற்றத்தக்கவரா?’ ஆகஸ்ட் 8. நடுவர் நான்.

“நீங்க அவர்கிட்ட ஆறு வருசம் வேலை பார்த்தவங்க மேடம். உங்களை விட்டா யாரு?” என்றார்.

சரி என்றேன். மலை ஓடையில் வெள்ளம் இறங்குவதை முன்கூட்டியே கண்டுபிடித்துச் சங்கு ஊதும் பெட்டி, ஓடைமணி. ராஜபாளையத்தில் ஒரு மாடியறையில் தொடங்கி ஐந்து மாநில மலைகளுக்கு அதைக் கொண்டுபோனவர் அவர். அந்த மாடியறையில் நானும் இருந்தேன். வரும் கடிதம், போகும் கடிதம் எல்லாம் என் கையில்தான். நாற்பத்தொன்பது, சாகிற வயதா அது?

மேடையில் நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்குத் தெரியும். பிறகு ஏன் மத்தியானச் சோறு இறங்கவில்லை?

ஜூலை 23, புதன்

தலைப்பை மாற்றச் சொல்லலாமா என்று முதல்வர் அறைவரை போனேன். வாசலோடு திரும்பிவிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

பேசப்போகிற பிள்ளைகளை இன்று உட்காரவைத்துப் பேசினேன். ‘போற்ற முடியாது’ பக்கம் பேச முன்வந்தவள் ஒருத்திதான். ஈஸ்வரி, இரண்டாம் ஆண்டு, சேத்தூரிலிருந்து வருகிறவள். எல்லோரும் போன பிறகு நின்றாள்.

“மேம், எங்க ஊர்ல கருத்தையான்னு ஒருத்தர் மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்காரு. மொத ஓடைமணிய அவர்தான் செஞ்சாருன்னு எங்கப்பா சொல்லுதாரு. அவரு கவனக்குறைவுலதான் ஒரு அம்மாவுக்குக் கால் போச்சுன்னும் ஊர்ல சொல்லுதாவ. எது மேம் உண்மை? நீங்க அப்ப அங்கதான இருந்தீங்க?”

“எனக்குச் சரியா ஞாபகம் இல்லம்மா.”

வாய் கூசாமல் சொன்னேன். பதிமூன்று வருடத்துக்கு முன்பும் இதே மாதிரிதான். இரண்டாவது தடவை பொய் சொல்ல நேரமே ஆகவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

கோயிலில் இன்று ஆராதனைப் பாட்டுக்கு வாயசைத்தேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து இதை எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2012, அக்டோபர். முதல் ஓடைமணியை மலையடிவாரத்தில் ஓர் ஓடையில் வைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பெட்டியைச் செய்தவர் கருத்தையா அண்ணாச்சி. பாலிடெக்னிக் படித்தவர், கையில் எதைக் கொடுத்தாலும் சரிசெய்துவிடுவார். அவர் மெயில் அனுப்பினார்: மழை பெய்தால் மூடி வழியாக ஈரம் இறங்கிப் பேட்டரி செத்துப்போகிறது, மூடியை மாற்றுகிறவரை இதை நம்பி யாரும் ஓடையைக் கடக்க வேண்டாம் என்று ஊரில் சொல்லிவிடுங்கள். அழகு சாரிடம் நான்தான் திரையில் காட்டினேன். சென்னையிலிருந்து பணம் போடுகிற ஆட்கள் பெட்டியைப் பார்க்க வருவதாக இருந்த வாரம் அது. “அவங்க வந்துட்டுப் போகட்டும். பொறவு மாத்திக்கிடுவோம்” என்றார்.

ஆட்கள் வருவதற்கு முந்தின நாள் வெள்ளம் வந்துவிட்டது. சங்கு ஊதவில்லை. வெள்ளத்தாய் என்ற அம்மா, சங்கு ஊதலியே என்று தைரியமாக ஓடையில் இறங்கியிருக்கிறார். அரை மைல் இழுத்துக்கொண்டு போனது. மருத மர வேரைப் பிடித்து உயிர் தப்பினார். கால் இரண்டு இடத்தில் ஒடிந்துபோனது.

பேட்டரியைப் பார்க்க வேண்டிய ஆள் பார்க்கவில்லை என்று ஊர்க்காரர்களிடம் அழகு சார் சொன்னார். கருத்தையா அண்ணாச்சி எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கேட்டார்: “எம் மெயில் வந்துச்சுல்லா? நீ சொல்லும்மா.”

“நான் பாக்கல அண்ணாச்சி.”

அக்சா அப்போது வயிற்றில் ஆறு மாதம். வேலை போய்விடும் என்று பயந்தேன். அதெல்லாம் காரணமா? காரணம்தான். ஆனாலும் சொன்னது சொன்னதுதானே. அன்று சாயங்காலமே அண்ணாச்சியின் ஆபீஸ் மெயில் கணக்கை மூடச் சொன்னார்கள். மூடியதும் நான்தான்.

அந்த மாதமே மூடியை மாற்றினார் அழகு சார். அதற்குப் பிறகு எந்தப் பெட்டியும் ஊதாமல் இருந்ததில்லை.

எழுதியாயிற்று. கை வலிக்கிறது. தலை கொஞ்சம் லேசாக இருக்கிறது, ஆச்சரியம்தான்.

ஜூலை 28, திங்கள்

தேர். கல்லூரி விடுமுறை. ஜெர்வினுக்குப் பந்தோபஸ்து. போலீஸ்காரன் பெண்டாட்டிக்குத் தேர் என்றால் வெந்நீர் போடுகிற வேலைதான். சாயங்காலம் வந்து உப்பு வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேற்று எழுதியதை நீட்டினேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்த நோட்டை அவரிடம் கொடுத்ததே இல்லை. முழுவதையும் படித்தார்.

“ஏட்டி, இத எங்கிட்டகூட சொல்லலியே.”

“இல்ல. இப்ப மேடையில சொல்லிரணும்னு இருக்கு.”

“இப்பச் சொல்லணும்ங்குத. யாருக்காக? அந்த மனுசனுக்கா, உனக்கா?”

இரண்டு பேருக்கும்தான் போல என்றேன்.

“அப்பொ அவர்கிட்ட மொதல்ல போ. மேடையில போயி நிக்காத. வெறும் வாயால சொன்னா எவன் நம்புவான்? தாள் எதுவும் இருக்கா?”

போலீஸ் புத்தி. ஆனால் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. சோறு போட்டபோது அவரே எனக்கும் ஒரு தட்டு எடுத்துவைத்தார்.

ஜூலை 30, புதன்

இருக்கிறது! ஆபீஸ் மெயில் அடிக்கடி படுத்துவிடும் என்று அந்தக் காலத்தில் எனக்கு வருவது, நான் அனுப்புவது எல்லாவற்றையும் என் சொந்தக் கணக்குக்கும் அனுப்பிவைப்பேன். கடவுச்சொல் மறந்து, இரண்டு நாள் அக்சாவோடு மல்லுக்கட்டி, இன்று திறந்துவிட்டது. அவர் எழுதிய மெயில் அப்படியே இருக்கிறது, தேதியோடு, மணியோடு.

அதற்குக் கீழே என் பதிலும் இருக்கிறது. மறந்தே போயிருந்தேன். ‘சார் பார்த்துவிட்டார். பியூலா.’

இதைத்தான் அவர் அன்றைக்கு எல்லோருக்கும் காட்ட நினைத்திருப்பார். காட்ட முடியாமல் கணக்கை மூடினது யாரு? நாந்தான. நாந்தான மூடுனேன்.

ஆகஸ்ட் 2, சனி

ஸ்கூட்டியில் சேத்தூர். கடையில் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். முடி நரைத்துவிட்டது. என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அச்செடுத்த தாளைக் கொடுத்தேன்.

மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். என் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்தார்.

“பதிமூணு வருசம் ஆயிருக்கு உனக்கு, இந்தா இருக்க சேத்தூருக்கு வாரதுக்கு.”

“தப்புதான் அண்ணாச்சி. மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட எனக்கு…”

“கேக்காத. எனக்கு இப்ப சொல்ல வராது. ஒருநா வந்தா வரும், இல்லேன்னா இல்ல.”

அழுதுவிட்டேன். அவர் மறுபடி கம்பி சுற்ற ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து நானாகவே விவாத மேடையைப் பற்றிச் சொன்னேன். அவரிடம் கேட்கக்கூடாதுதான், கேட்டுவிட்டேன்: “நீங்க என்ன சொல்லுவீங்க அண்ணாச்சி, அவரைப் போற்றலாமா?”

சிரித்தார். முதல் சிரிப்பு.

“நான் ஒரு பெட்டி செஞ்சேன். எங்கைல இருந்திருந்தா அது ஒரு ஓடையோட நின்னுருக்கும். அந்தாளு முந்நூறு ஓடைக்குக் கொண்டுபோனாரு. மழையில நனைஞ்சுக்கிட்டு அவரே மலையேறிப் பெட்டி மாட்டுவாராம், கேள்விப்பட்டேன். எம்புட்டுப் பேரு பொழச்சிருக்கான்! அத இல்லேங்க முடியுமா? அதுக்காக எனக்குச் செஞ்சது சரின்னு ஆயிருமா? அதுவும் ஆகாது. அவரப் போற்றுங்க, போற்றாமப் போங்க. எந்தலையில கெடக்க பழிய மட்டும் எறக்கி வைங்க. அம்புட்டுத்தான்.”

கிளம்பும்போதுதான் அவர் எனக்கு டீ சொல்லியிருந்தது தெரிந்தது. குடித்துவிட்டுத்தான் வந்தேன். மன்னிக்கவில்லை அவர். ஆனாலும் திரும்பிவரும் வழியெல்லாம் காற்று நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

கார்த்திகா அக்காவுக்குத் தெரியாமல் மேடையில் சொல்வது முறையில்லை. அழகு சார் மனைவி அவர். ராஜபாளையத்தில் வீட்டுக்கே போனேன். மாலை போட்ட படத்துக்குக் கீழே உட்கார்ந்து சொன்னேன். கேட்கக் கேட்க முகம் மாறியது.

“அவிய இருந்தப்ப வாயத் தெறக்காம இருந்துட்டு, இப்ப வந்து சொல்லுதியா பியூலா? செத்தவுக எந்திரிச்சு வந்து பதில் சொல்லுவாகளா?”

கேள்வி நியாயமானது. தாளை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முதல்வரிடமும் சொல்லிவிட்டேன். “இது தேவையா மேடம்? கட்டடத்துக்கு உதவுறதே அவங்க குடும்பந்தான். யோசிச்சுச் செய்யுங்க.”

யோசித்துத்தான் இருக்கிறேன். வேறு கல்லூரி தேட வேண்டி வந்தால் தேட வேண்டியதுதான் என்கிறார் ஜெர்வின். அவர் சொன்னால் சுலபமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

முடிந்தது.

வரிசையாக எழுத வரவில்லை. முயன்று பார்க்கிறேன். ‘போற்றலாம்’ பக்கம் பேசிய பிள்ளை, 2018இல் தன் மாமா குடும்பமே சங்குச் சத்தம் கேட்டுக் கரையேறியதைச் சொன்னாள். கைதட்டல். ஈஸ்வரி எழுந்தாள். “அவரால பொழச்ச குடும்பம் இங்க இருக்கு. அவரால பேரு கெட்ட குடும்பம் எங்க ஊர்ல இருக்கு. ஒண்ணச் சொல்லி இன்னொண்ண மூடாதீங்க” என்றாள். அதற்கும் கைதட்டல். ஆதாரம் கேட்டார்கள். அவளிடம் இல்லை. என்னைப் பார்த்தாள்.

எழுந்தேன். மெயிலைப் படித்தேன். ‘சார் பார்த்துவிட்டார். பியூலா’ என்பதையும் படித்தேன். “அந்தப் பியூலா நான்தான். பார்க்கவில்லை என்று எல்லார் முன்னாலும் பொய் சொன்னதும் நான்தான்” என்றேன். ஈஸ்வரியிடமும் மன்னிப்புக் கேட்டேன், ஞாபகம் இல்லை என்று சொன்னதற்கு.

தீர்ப்பு சொல்லுங்கள் என்றார்கள். அழகுராஜாவைப் போற்றலாம் என்றுதான் சொன்னேன். அவருடைய புகழில் என் பொய்யும் ஒரு பங்கு, அதை இன்று எடுத்துவிட்டேன், கருத்தையாவின் வேலையும் ஒரு பங்கு, அதை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். இரண்டும் போக மிஞ்சுவதுதான் அவருடையது. அது நிறையவே இருக்கிறது. மழையில் மலையேறினது அவர் கால்தான்.

உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், கடைசி வரிசையில் கார்த்திகா அக்கா. எப்போது வந்தாரோ. என் பக்கம் வராமல் எழுந்து போய்விட்டார். முதல்வரும் நேராகத் தன் அறைக்குப் போய்விட்டார்.

வேலை போகுமோ என்னமோ. பயமாக இருக்க வேண்டும். பசிக்கத்தான் செய்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி இரண்டு புரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

எட்டு மணி வரை தூங்கினேன். அக்சா இரண்டு தடவை வந்து மூச்சு இருக்கிறதா என்று பார்த்தாளாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கார்த்திகா அக்கா போன். எடுக்கவே கை வரவில்லை. எடுத்தேன்.

“பியூலா, ஒண்ணு சொல்லுதேன், கேளு. ரெண்டு மூணு வருசமா, காரு சேத்தூரத் தாண்டுறப்ப எல்லாம் அவிய கண்ண மூடிக்கிடுவாக. அசதின்னு நெனச்சேன். தாண்டினதும் முழிச்சுக்கிடுவாக. இப்பத்தான் வெளங்குது.”

“வெளங்குது அக்கா” என்றேன்.

“போயி மன்னிப்புக் கேட்டிருக்கலாம்லா அவிய? இந்தா கெடக்க ஊரு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “அந்த அண்ணாச்சி நம்பரக் குடு.”

கொடுத்தேன். நானும் அழகு சாரும் ஒரே ஊருக்குப் போகாமலே பதிமூன்று வருடம் இருந்திருக்கிறோம். எனக்குப் போக நாள் கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை. இதுவரை அவருக்காக ஒழுங்காக அழுததில்லை. இன்று அழுதேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கூடத்துக்கு அழகுராஜா பெயர்தான். கம்பெனியின் இணையப் பக்கத்தில் முதல் ஓடைமணியைச் செய்தவர் கருத்தையா என்று மாற்றியிருக்கிறார்கள். அவர் கொடுத்த எச்சரிக்கையைக் கம்பெனி கவனிக்காமல் விட்டதையும், வெள்ளத்தாய் அம்மாவுக்கு நேர்ந்ததற்கு அவர் பொறுப்பில்லை என்பதையும் எழுதியிருக்கிறார்கள். கீழே கார்த்திகா அக்காவின் கையெழுத்து. முதல்வர் வராந்தாவில் எதிரே வந்து, “அடுத்த பருவத்துக்கு டைம்டேபிள் நீங்கதான் போடணும் மேடம்” என்றார். அவ்வளவு வெறுப்பான வேலையை அவ்வளவு சந்தோஷமாக நான் ஒப்புக்கொண்டதில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மத்தியானம் கருத்தையா அண்ணாச்சி கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. நலம் விசாரிக்கவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தார்.

“வெள்ளத்தாய் வீட்டுக்காரரு, சமுத்திரம், காலையில கடைக்கு வந்தாரு.”

“என்ன சொன்னாரு அண்ணாச்சி?”

“ஒண்ணும் சொல்லல. கெணத்து மோட்டாரக் கொண்டாந்து எறக்குனாரு. புகைஞ்சு போச்சாம். இத்தன வருசமா எங்கடையத் தாண்டித் தென்காசிக்குத்தான் தூக்கிட்டுப் போவாரு.”

“ம்.”

“எப்பக் கிடைக்கும்னாரு. நாளைக்குச் சாயங்காலம் வாங்கன்னேன். சரின்னுட்டுப் போறாரு.”

பின்னால் கடையில் ஏதோ ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சரி, வேலை கிடக்கு, வச்சிருதேன் என்று வைத்துவிட்டார்.