கை இல்லாத புல்

என் வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்ததில் நிம்மதி. இங்கே பாதி சுகம். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய தாளை எடுத்திருக்கிறேன். நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி.

முதலில் சில்லறைச் சேதிகள். விதைப்பண்ணையின் பழைய டிராக்டர் இன்னும் என் உயிரை வாங்குகிறது. அதை ஓட்டுகிற அம்மாளுக்கும் எனக்கும் தினம் ஒரு சண்டை. வண்டியைக் கெடுப்பது அவள், திட்டு வாங்குவது மெக்கானிக்கான நான். நம் குடியிருப்பில் கூரை ஒழுகுகிறது. மேலாளர் ஆள் அனுப்புகிறேன் என்கிறார். அந்த ஆள் வருவதற்குள் மழைக்காலமே போய்விடும். என் முட்டி வலி என்னை விட்டுப் பிரிய மாட்டேன் என்கிறது.

இந்த வருஷம் காட்டு ஓட்ஸ் களை படுத்துகிற பாடு சொல்லி மாளாது. வடக்கு வயலை ஆழமாக உழுதார்கள், வந்தது வினை. வருஷக்கணக்காக மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்த விதையெல்லாம் விழித்துக்கொண்டது. வாய்க்கால் கரை, வண்டித்தடம், ரயில் பாதை ஓரம் என்று மண்ணைக் கிளறிய இடமெல்லாம் அதுதான். இளசாக இருக்கும்போது கோதுமைக்குள் கோதுமையாகவே நிற்கும். கதிர் விட்ட பிறகுதான் ஒரு சாண் உயர்ந்து, தலையைத் தொங்கப் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதற்குள் காரியம் கெட்டுவிடும். கோதுமை முற்றுவதற்கு முன்பே அது விதையைக் கொட்டிவிடுகிறதே! கொட்டிய விதையாவது சும்மா கிடக்கிறதா? ஈரம் பட்டால் விதையில் நீட்டிக்கொண்டிருக்கும் மீசை முறுக்கு அவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். அப்படியே திருகித் திருகி மண்ணுக்குள் இறங்கிவிடும். விதைக்காக வளர்க்கிற கோதுமையில் இது கலந்திருந்தால் விதைப் பரிசோதகர் வயலையே தள்ளுபடி செய்துவிடுவார். அதனால் இளசிலேயே பார்த்துப் பிடுங்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் கண் வேண்டும்.

அந்தக் கண் உன் அம்மாவுக்கு இருந்தது. பண்ணையில் அவளுக்குக் கழுகு என்றே பெயர் என்பது உனக்குத் தெரியும். களையெடுக்கப் புதிதாக வரும் பெண்களிடம் அவள் சொல்வதும் உனக்கு மனப்பாடம். கோதுமை இலை தண்டைச் சேருற இடத்துல ரெண்டு குட்டிக் கை இருக்கும், தண்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், இந்தக் கள்ளனுக்குக் கை கிடையாது, வெள்ளையா ஒரு சவ்வு மட்டும்தான், கை இல்லாதவனைப் பிடுங்கு, கை இருக்கிறவனை விடு என்பாள்.

கண் இருந்தது என்று எழுதிவிட்டேன். அடித்துவிட்டு இருக்கிறது என்று எழுதலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அடிக்க வேண்டாம், எழுதியது சரிதான்.

போன மாதம் ஒரு நாள், மற்றவர்கள் வருவதற்கு முன்பே அம்மா சாக்கை எடுத்துக்கொண்டு வடக்கு வயலுக்குப் போய்விட்டாள். நான் பட்டறையில் இருந்தேன். டிராக்டர் ஓட்டுகிற அம்மாள் ஓடி வந்து, அண்ணே நீங்களே வந்து பாருங்க, எனக்குச் சொல்ல வாய் வரலை என்றாள். எப்போதும் என்னோடு மல்லுக்கு நிற்பவள் அண்ணே என்றதுமே ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

போய்ப் பார்த்தேன். வரப்பிலிருந்து வயலின் நடுவரைக்கும் ஒரு பட்டை. அதில் கோதுமை முழுவதையும் வேரோடு பிடுங்கி, மண் உதறி, சாக்கில் அடுக்கி, வாயை இறுக்கிக் கட்டி வைத்திருந்தாள். காட்டு ஓட்ஸ் மட்டும் நின்றது. ஒன்றைக்கூட மிதிக்கவில்லை. வேர் ஆடிப்போன செடிகளுக்கு மண் அணைத்துக்கூட விட்டிருந்தாள். அவ்வளவு சுத்தமான வேலை அவளுக்கு மட்டும்தான் வரும். என்னைப் பார்த்ததும் பெருமையாக, ஒண்ணு விடலைங்க, பாத்தீங்களா என்றாள். நல்லா எடுத்திருக்கே என்றேன். வேறு என்ன சொல்வது, நீயே சொல்.

மேலாளரை உனக்குத் தெரியும். ஒரு போல்ட் காணாமல் போனால் ஊருக்கே கேட்கக் கத்துகிற மனிதர். அவர் வந்தார், பார்த்தார், கத்தவில்லை. அம்மா கையிலிருந்த சாக்கை மெல்ல வாங்கிக்கொண்டு, அக்கா இன்னைக்கு இது போதும், வீட்டுக்குப் போங்க என்றார். அவர் கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

டாக்டரிடம் காட்டினேன். வயசானால் வருகிற சாதாரண மறதி இல்லை, மறதி நோய் என்றார். மாத்திரை நோயின் ஓட்டத்தைக் கொஞ்சம் தடுக்கும், போனதைத் திருப்பிக் கொண்டுவராது என்று சொன்னார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியவில்லை.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். போனில் நான்தாம்மா, உன் மக பேசறேன் என்று நீ சொன்னாயாம். எனக்கு மக யாரும் இல்லையே என்று அம்மா சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை, என்னைத் தலைமுழுகிவிட்டாள், இனி கூப்பிட மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நீ மாப்பிள்ளையோடு போனபோது இந்த வாசப்படியை மிதிக்காதே என்று அவள் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். உன்மேல் தப்பில்லை. கேட்பவர் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆனால் கண்ணு, அவள் குரலில் கோபம் இல்லை என்று சொன்னாயே, அது நிஜம்தான். கோபம் இல்லவே இல்லை. அன்றைக்கு நான் கொல்லைப்பக்கம் கையிலிருந்த கிரீஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து போன்ல யாரு என்று கேட்டேன். யாரோ ஒரு பொண்ணுங்க, பாவம், அம்மாவைத் தேடுது என்றாள். சொல்லிவிட்டு வெகு நேரம் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா கிடைச்சிருப்பாளா என்று சாப்பிடும்போது மறுபடி என்னிடம் கேட்டாள். யாரோ நம்பரை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் அந்தப் பெண் யார் என்று எனக்கு உறைத்தது. பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதை உன்னிடம் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அவள் உன்னைத் தலைமுழுகியிருந்தால் அவள் காலில் விழுந்தாவது சமாதானம் செய்திருப்பேன். எங்களுக்குள் வராத சண்டையா, தீராத சண்டையா? இதற்கு யார் காலில் விழுவது? அந்தச் சண்டையே அவளுக்கு இப்போது நினைவில்லை. உன்னை மன்னிக்க வேண்டிய ஆளே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறாள்.

வயலுக்குப் போகக் கூடாது என்றால் தவித்துப்போகிறாள். அதனால் ரயில் பாதை ஓரத்திலிருந்து இன்னும் விதை பிடிக்காத காட்டு ஓட்ஸ் புல்லையும், வயலில் ஒடிந்த கோதுமையையும் ஒரு கட்டு கொண்டுவந்து கொடுக்கிறேன். சமையலறை மேஜையில் பரப்பி இனம் பிரிக்கிறாள். சில நாள் சரியாக வருகிறது. சில நாள் எல்லாவற்றையும் ஒரே பக்கம் வைத்துவிட்டு, இதுல களையே இல்லைங்க என்கிறாள். இன்று காலை என்னை ஐயா என்று கூப்பிட்டாள். நான் திரும்பிப் பார்க்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ வா. லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை என்று எழுதாதே. நீ வந்ததும் பழையபடி ஆகிவிடுவாள் என்று ஆசை காட்டி உன்னைக் கூப்பிடவில்லை. மகள் என்று சொல்லிக்கொண்டு போய் நின்றால் அவள் மிரண்டுபோகலாம். களையெடுக்க ஆள் வேணும்னாங்க, வந்திருக்கேன் என்று சொல். வேலை கேட்டு வந்த எந்தப் பெண்ணையும் அவள் வாசலோடு திருப்பி அனுப்பியதில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பாள். உன் பெயரைக் கேட்பாள். குரல் உடையாமல் சொல்லு. அது அவள் வைத்த பெயர்.

பத்திரமாக வந்து சேர், கண்ணு.

உன் அப்பா