பதினோராம் பாடம்

மார்ச் 4, செவ்வாய்

பயிற்சி மையத்தில் இன்று பதினோராம் பாடம் எடுத்தார்கள். சைகை மொழிபெயர்க்கப் படிக்கிறவர்களுக்கான வீடியோ. நான் கையால் பேசுவேன், அவர்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து வாயால் சொல்லிப் பழகுவார்கள். ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் காதைப் பிடுங்கிக்கொண்டு போனது, இப்போது அதே காதுதான் சோறு போடுகிறது.

புது கேமராக்காரர், இங்கே யாருக்குமே பெயர் கிடையாதா என்று எழுதிக் கேட்டார். ஆளைப் பார்த்ததும் கண்ணில் எது படுகிறதோ அதைக் கையால் காட்டுவோம், எங்களுக்கு அதுதான் பெயர் என்று எழுதிக் கொடுத்தேன். பொறுப்பாளர் ‘கண்ணாடி’. என் வீட்டுக்காரர் ‘மீசை’. மீசையை மழித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கேமராக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்குத் ‘தொப்பை’ என்று பெயர் வைத்ததைச் சொல்லவில்லை.

இன்றைய பாடம் ஆஸ்பத்திரி. உங்கள் வீட்டில் நடந்ததையே சொல்லுங்கள், இயல்பாக இருக்கும் என்றார் கண்ணாடி. அதனால் இவரையும் கூட்டிக்கொண்டு போனேன், நோயாளியாக நடிக்க. பட்டறையில் தகரம் காலைக் கிழித்தது, மூன்று நாள் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் போட்ட ஊசி ஒத்துக்கொள்ளாமல் தொண்டை வீங்கி மூச்சு முட்டியது — எல்லாம் நடந்த கதை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இவர் விட்ட முனகலைப் பார்க்கணுமே! காலில் தகரமா, வயிற்றில் பிரசவ வலியா என்று தெரியாத அளவுக்கு.

முடிந்ததும் கண்ணாடி உதட்டைப் பிதுக்கினார். “கடைசிப் பகுதி முதல் நிலைப் பிள்ளைகளுக்குக் கஷ்டம்மா. தொண்டை, வீக்கம், ஊசின்னு எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு வருது. மருந்து ஏதாவது ஒத்துக்காம போயிருக்கான்னு டாக்டர் கேக்கறார், நீங்க இல்லைன்னு சொல்றீங்க. அதோட முடிச்சிடலாம்.”

இவர் இரண்டு விரலைக் கத்திரியாக்கித் தன் தொண்டையில் வைத்துக் காட்டினார். “நான் பொழச்சு வந்ததே பெரிய பாடு. அதையும் கட் பண்ணிட்டாரா?”

மறுபடி எடுத்தோம். இல்லை என்று சொன்னேன். ஒரே டேக்கில் ஓகே.

மார்ச் 20

பின்னல் வந்திருந்தாள். இந்த வருஷப் படிப்பில் முதலில் நிற்கிறவள். இடுப்பு வரை ஒற்றைப் பின்னல். மற்றவர்கள் மையத்தோடு சரி, இவள் மட்டும் வீடு தேடி வருவாள். என்னை அக்கா என்பாள், என் மகளைவிட ஐந்தாறு வயதுதான் பெரியவள், போகட்டும்.

பதினோராம் பாடத்தைப் போனில் ஓடவிட்டு, போனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு வாயால் சொல்லிக்கொண்டே போனாள். நான் வீடியோவையும் அவள் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். என் கை எங்கே நிற்கிறதோ அங்கே அவள் வாயும் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, கை தட்டினேன்.

இவர் தட்டவில்லை. “நம்மளப் பாக்காமலே நம்ம பேச்சச் சொல்றா. இது என்ன வித்தை?” என்று கேட்டார். பொறாமை பிடித்த மனுஷன் என்று திட்டினேன்.

ஏப்ரல் 2

பின்னலுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டதாம். இனி எங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் இவளைத்தான் அனுப்புவார்கள்.

மே 19, திங்கள்

பட்டறையில் உடைந்த கண்ணாடித் துண்டு இவர் குதிகாலில் ஏறியிருக்கிறது. முந்தாநாள் ஏறியது, இன்றைக்குத்தான் காட்டுகிறார். கால் புசுபுசுவென்று வீங்கி, தொட்டால் கொதிக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டால் போச்சு, எங்கள் வீட்டில் சண்டை அதோடு நின்றுவிடும். நாளைக்குக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது போகிறேன்.

மே 20

அவர் போய்விட்டார்.

மே 26

எழுதினால்தான் ஆகும். உள்ளேயே வைத்துக்கொண்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

காலையில் போனோம். முன்பே தகவல் சொல்லியிருந்ததால் வாசலில் பின்னல் நின்றாள். அவளைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. எப்போதும் ஆஸ்பத்திரிக்குக் காகிதமும் பேனாவும் கொண்டுபோவேன். அன்றும் பையில் இருந்தது. எடுக்கவில்லை. நம்ம பொண்ணு இருக்காளே, எதுக்குக் காகிதம்னு இருந்துட்டேன். பேனாவ எடுத்து ஒரே ஒரு வரி எழுதியிருந்தா... ஐயோ. ஒரே ஒரு வரி.

டாக்டர் கேட்டார். பின்னல் எனக்குச் சைகையில் சொன்னாள். நான் பதில் சொன்னேன். கால், காயம், வீக்கம், காய்ச்சல். அப்புறம் அவள் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னேன்: “இவருக்குக் காயத்துக்குப் போடற ஊசி ஒத்துக்காது. முன்னாடி போட்டப்போ தொண்டை வீங்கிடுச்சு. அந்த ஊசி வேண்டாம்.” தெளிவாகச் சொன்னேன். என் கை எனக்குத் தெரியாதா? அவள் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். டாக்டர் பக்கம் திரும்பிப் பேசினாள். முகத்தில் மாஸ்க், உதடு தெரியவில்லை. டாக்டர் தலையாட்டினார். நான் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தேன்.

நர்ஸ் ஊசி போட்டுவிட்டுப் போனாள். பின்னல் மருந்துச் சீட்டு வாங்க வெளியே போயிருந்தாள். கொஞ்ச நேரத்தில் இவர் கையைத் தூக்கித் தொண்டையைக் காட்டினார். காட்டிவிட்டு, “அதே ஊசி” என்றார். அதற்கு மேல் கை எழும்பவில்லை. நான் கத்தினேன். என் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது, ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் ஓடி வந்தாள். நான் என் தொண்டையைப் பிடித்துக் காட்டினேன். அவள் தலையாட்டிவிட்டு ஓடிப்போய் —

தண்ணி கொண்டு வந்தா. ஒரு டம்ளர் தண்ணி.

மே 30

சாவுக்கு வந்த மகள் நீண்ட லீவு போட்டு இங்கேயே இருக்கிறாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். பிறந்ததிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் காதாக இருந்தவள், அன்றைக்கு வேலை பார்க்கிற ஊரில் இருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள், என்னையும் கூட்டிக்கொண்டு.

நர்ஸிடம் அவள் கேட்டதும் நர்ஸ் சொன்னதும் உடனுக்குடன் எனக்குக் கையில் வந்தது.

“டாக்டர் கேட்டாரே. மருந்து எதுவும் ஒத்துக்காம போனதில்லன்னு உங்கம்மாதான் சொன்னாங்க. அந்தப் பொண்ணு எங்க எல்லார் முன்னாடியும் சொல்லிச்சு. தகரம் கிழிச்சு மூணு நாளா காய்ச்சல்னு சொன்னதும் அவங்கதானே?”

தகரம்.

நான் மகளின் கையைப் பிடித்து நிறுத்தினேன். நர்ஸ் தகரம் என்றுதான் சொன்னாளா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். இவர் காலில் ஏறியது கண்ணாடித் துண்டு. தகரம் ஏறியது பல வருஷத்துக்கு முந்தி. அதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. தகரம், மூன்று நாள், ஒத்துக்கொள்ளாத மருந்து எதுவும் இல்லை — நான் இதைச் சொன்ன இடம் உலகத்திலேயே ஒன்றுதான்.

அதே முகம், அதே கை, அதே கால், பக்கத்தில் அதே ஆள். நான் ஆரம்பித்ததும் அவள் வாய் பழகின தடத்தில் ஓடிவிட்டது. நான் சொல்லி முடிக்க வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் கத்தினாள். கத்துகிறாள் என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது. நான் அழவில்லை. எனக்கு அந்தப் பின்னலைப் பிடித்து இழுக்க வேண்டும் போல் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஜூன் 6

வந்தாள். ஆள் பாதியாகிவிட்டாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை, மகள்தான் கூப்பிட்டாள்.

உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தாள். அழுகையை நிறுத்துடி, அன்னைக்கு நான் என்ன சொன்னேனோ அதைச் சொல்லு, எனக்கு அது போதும் என்றேன். விசாரணைக்கு மகள் மனு கொடுத்திருக்கிறாள். நான் சொன்னதைப் பார்த்தவள் இந்த உலகத்தில் இவள் ஒருத்திதான்.

கையைத் தூக்கினாள். கால், காயம் என்று தொடங்கினாள். அப்புறம் தகரம். நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். மறுபடியும் தகரம்.

“ஞாபகம் வரலக்கா. உங்க கை அசைஞ்சது ஞாபகம் இருக்கு. என்ன சொன்னீங்கன்னு நினைச்சா வீடியோதான் வருது. நீங்க அந்த நீலச் சேலையில உக்காந்திருக்கீங்க. ஆஸ்பத்திரியே வர மாட்டேங்குது.”

பொய் சொல்கிறாள் என்று மகள் சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொய்யாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொய்யை மாற்றிச் சொல்ல வைக்கலாமே. நான் சொன்னது எங்கேயுமே இல்லை என்றால் என்ன செய்வது? என் தலைக்குள் மட்டும் இருக்கிறது, அதை வைத்து நான் என்ன பண்ண?

போகும்போது காலில் விழப் பார்த்தாள். காலை இழுத்துக்கொண்டேன்.

ஜூன் 11

மனு கொடுத்தவள் மகள் என்பதால் விசாரணையில் அவள் எனக்கு மொழிபெயர்க்கக் கூடாதாம், வேறு ஆள் கேட்டோம். மையத்திலிருந்து நான்கு பேர் பெயர் வந்தது. நான்கு பேருமே என் வீடியோவில் படித்தவர்கள். வேறு யாரும் இல்லையா என்று மகள் கேட்டதற்கு, இந்தப் பக்கம் எல்லோருமே அம்மா வீடியோவில் படித்தவர்கள்தான் என்று கண்ணாடி சொன்னாராம், பெருமையாகச் சொல்கிற மாதிரி. சிரிப்பு வந்தது. இவர் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லி என்னை ஒரு வழி பண்ணியிருப்பார்.

‘தோடு’ என்கிறவளைத் தேர்ந்தெடுத்தேன். என் வயசுக்காரி, நிதானம். மகள் என் எதிரில் உட்காருவாள். தோடு பிசகினால் விரலை உயர்த்துவாள்.

ஜூன் 24, செவ்வாய்

மகள் விரலை உயர்த்தவே இல்லை. தோடு ஒரு சொல் விடாமல் சொன்னாள். அதனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

பின்னலைக் கேட்டார்கள். அவள் மறைக்கவில்லை. “அவங்க கைய நான் பாத்துட்டுத்தான் இருந்தேன், ஆனா என் மண்டைக்குள்ள பாடம்தான் ஓடிட்டிருந்துச்சு. பதினோராம் பாடம். தப்பு என் மேலதான்” என்று எழுந்து நின்று சொன்னாள். அதைச் சொல்லத் தைரியம் வேண்டும், அதை நான் மறுக்க மாட்டேன்.

“சரி, அன்னைக்கு அவங்க உண்மையில என்ன சொன்னாங்க?” என்று கேட்டார் அதிகாரி.

“தெரியல சார்.”

“மருந்து ஒத்துக்காதுன்னு சொன்னாங்களா, இல்லையா?”

“தெரியல சார்.”

ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு லேப்டாப்பைத் திறந்தார்கள். பதினோராம் பாடம் என்று அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள் இல்லையா, அதைத் தேடி எடுத்து வந்திருக்கிறார்கள். திரையில் நான். நீலச் சேலை. பக்கத்தில் இவர், காலை நீட்டிக்கொண்டு, வலியில் நெளிந்துகொண்டு. டாக்டர் கேட்கிறார். நான் புன்னகையோடு கையை ஆட்டி, இல்லை, எதுவும் இல்லை என்கிறேன்.

“இதுல இருக்கறது உங்க வீட்டுக்காரர்தானே?”

ஆமாம்.

“இது உங்க வீட்டுல உண்மையா நடந்த சம்பவம்னு மையத்துல சொல்றாங்க. சரிதானே?”

ஆமாம். ஆனா கடைசி வரி மட்டும் உண்மை இல்ல. அது கஷ்டமா இருக்குன்னு எடுத்துட்டாங்க, நான் முதல்ல உண்மையத்தான் சொன்னேன், அத அழிச்சிட்டாங்க — கை எப்படிப் போனது என்று எனக்கே தெரியவில்லை. தோடு திணறித் திணறிச் சொன்னாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம், மாற்றச் சொன்னது நான்தான் என்றார்.

“பாடத்துல மாத்தினது சரி. அன்னைக்கு ஆஸ்பத்திரியில சொன்னதுக்கு வேற சாட்சி இருக்கா?”

இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத்தான் கொன்றுவிட்டீர்களே.

அதைச் சொல்லவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 9

முடிவு வந்துவிட்டது. தங்களிடம் சொல்லப்பட்ட தகவலை வைத்தே ஆஸ்பத்திரி நடந்துகொண்டது, குறை இல்லை. பின்னலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். துணிக்கடையில் நிற்கிறாளாம்.

கண்ணாடி வந்திருந்தார். பதினோராம் பாடத்தை நீக்கிவிடுவதாகச் சொன்னார். “அதுல அவர் இருக்காரேம்மா, ஒரு காப்பி வேணுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மகள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

மற்ற பாடங்கள் இருக்கும். புதிதாக எடுக்கக் காசில்லையாம்.

ஜூலை 22

மகள் ஊருக்குப் போய்விட்டாள். வீட்டில் கை அசைகிற இடமே இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

கை மரத்துப்போகிறது என்று டாக்டரைப் பார்க்கப் போனேன். வேறு ஆஸ்பத்திரி. தோடு வந்தாள். காகிதம் கொண்டுபோயிருந்தேன். வயசு, சர்க்கரை, சாப்பிடுகிற மாத்திரை, ஒத்துக்கொள்ளாத மருந்து எதுவும் இல்லை — எல்லாவற்றையும் வீட்டிலேயே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தேன். டாக்டர் படித்துவிட்டுத் தலையாட்டினார். தோடு சும்மா நின்றாள். அவளுக்கு வருத்தம்தான், எனக்கு அதற்கு நேரமில்லை.

டாக்டர் நல்ல மாதிரி. பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். தோடு கையில் சொன்னாள்: “மத்தபடி எப்படி இருக்கீங்க? வீட்ல தனியா சமாளிக்க முடியுதா?”

அது என் காகிதத்தில் இல்லை.

தூக்கம் கிடையாது. இரண்டு பேருக்கும் தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திருப்பி வைக்கிறேன். ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று கையால் பேசுகிறேன். கை மரத்துப்போவது சர்க்கரையால் இல்லை என்று நினைக்கிறேன் டாக்டர். இதெல்லாம் நெஞ்சு வரை வந்தது. இதை எந்தப் பாடத்திலும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை. பாதியில் அவள் வேறு எதையாவது சொல்லிவிட்டால்? நான் சொன்னது மறுபடி எங்கேயும் இல்லாமல் போய்விட்டால்?

தோடு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். கையை நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்து, நிதானமாக, கேமராவுக்குச் சொல்கிற மாதிரி, முதல் பாடத்தில் இருக்கிறதைச் சொன்னேன்.

“நான் நலமாக இருக்கிறேன். நன்றி.”

தோடு சரியாகத்தான் சொல்லியிருப்பாள்.