நனிவாவின் மூடாத பக்கம்

என்னங்க,

முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், கடிதம் எழுதும் வேலையே வரவில்லை. நீங்கள் போய் எட்டு மாதத்தில் எழுதுகிறேன். சேதி அப்படி.

இங்கே ஈசா டவுன் பள்ளிக்கூடக் கண்காட்சியில் உங்கள் கப்பலை வைத்தார்கள். கப்பல் பழுதுபார்க்கும் டிரை டாக்கில் டியூட்டி முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு, ஆறு வருஷம் தகடு வெட்டிச் செய்தீர்களே, அந்தப் பழைய ஜப்பானியப் போர்க்கப்பல் நனிவாவின் மாதிரிதான். நாம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்போது நான் பேசிய பேச்சை மறந்துவிடுங்கள்.

முந்தின நாள், பெயர் அட்டை எழுத யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் வந்தார். நீங்கள் வேண்டுமென்றே மூடாமல் விட்ட இடது பக்கத்தைப் பார்த்துத் தயங்கினார்.

"அக்கா, ஒரு பக்கம் திறந்து கிடக்குது. ஐயா முடிக்காமப் போயிட்டார் எண்டு எழுதட்டோ?"

வேண்டுமானால் தானே ஒரு தகடு வைத்து மூடித் தருவதாகவும் சொன்னார். நல்ல மனசில்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. உங்களை அரைகுறை வேலைக்காரர் என்று யாராவது சொன்னதுண்டா?

"முடிஞ்ச வேலைதான் தம்பி. மூடிட்டா அதோட சூட்சுமமே மறைஞ்சிரும்" என்றேன்.

நீங்கள் கப்பலைப் பற்றிச் சொல்லும்போது மாவு பிசைந்துகொண்டே காதில் வாங்காதது போல இருப்பேனே, அத்தனையும் வரிசையாக வாயில் வந்தது. இந்தக் கப்பலின் வெளிச்சுவரில் கவசம் கிடையாது. போட்டால் பாரம் கூடி வேகம் போய்விடும். அதனால் உள்ளே, நீர்மட்டத்தை ஒட்டி, ஆமை ஓடு போல வளைந்த எஃகுத் தளம். அதன் அடியில் இயந்திரமும் வெடிமருந்தும். பக்கவாட்டில் நிலக்கரி அறைகள். எரிக்கிற கரியே குண்டைத் தடுக்கும் சுவரும்கூட.

முன்னும் பின்னும் இருந்த பெரிய பீரங்கிகளைப் பின்னாளில் கனம் என்று கழற்றியதையும் நான் விடவில்லை. இங்கிலாந்தில் கட்டிய கப்பல், சீனாவோடும் ரஷ்யாவோடும் நடந்த போர்களில் பிழைத்து, கடைசியில் குரில் தீவுப் பாறையில் மாட்டி மூழ்கியது என்றதோடு நிறுத்தினேன். நீங்களும் அந்த இடத்தில் நிறுத்துவீர்கள், இல்லையா?

தம்பி அட்டையில் எழுதினார்: 'உள்ளமைப்பு தெரியும்படி செய்து முடித்தவர்'. பிறகு தலைநிமிர்ந்து உங்கள் பெயரைக் கேட்டார்.

உங்கள் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. விசா ஆபீசில்கூடப் பாஸ்போர்ட்டைத்தான் நீட்டுவேன். அன்று மகள் பக்கத்திலேயே நின்றாள், அவளைச் சொல்லச் சொல்லியிருக்கலாம். நானே சொன்னேன், சுடலைமுத்து என்று. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

மறுநாள் டிரை டாக் ஆட்கள் டியூட்டி உடுப்போடு வந்து குனிந்து பார்த்தார்கள். யாரையும் பாராட்டாத உங்கள் ஃபோர்மேன், "அச்சா காம்", நல்ல வேலை என்று இந்தியில் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த மாதம் மகளோடு தோஹாவுக்குக் குடிபோகிறேன். கப்பல் என் மடியில்தான் வரும். அந்தப் பக்கத்தை யாரையும் மூட விடமாட்டேன்; கேட்கிறவர்களுக்கெல்லாம் செய்தவர் பெயரை என் வாயாலேயே சொல்வேன். நீங்கள் இருந்தபோது ஒருதரம்கூடச் சொல்லவில்லை. சொல்ல ரொம்ப நன்றாக இருக்கிறதுங்க.

உங்கள் வீட்டுக்காரி,
செண்பகம்