குழாய்க்குள் அடைத்த செய்தித்தாள்

என்னங்க,

பத்து மணிக்கு ஏசி காற்றுக்குழாயைச் சுத்தம் செய்ய ஆட்கள் வருகிறார்கள். கட்டிலை நகர்த்தி வையுங்கள். சாப்பாடு மூடியிருக்கிறது, நேற்றைய கோபத்தில் உப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது.

படுக்கையறையில் குழாயின் மூடியைக் கழற்றினால் செய்தித்தாள் சுருள் ஒன்று விழும். நான் அடைத்ததுதான். அதிலிருக்கும் தேதி, கீழ்வீட்டு டைப்பிஸ்ட் அம்மா தனியாகக் கிடந்து செத்துப்போன நாள்.

இந்தப் பழைய கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே குழாய். யார் மூக்கைச் சிந்தினாலும் அதன் வழியாக எனக்குக் கேட்கும். அன்று மதியம் அந்தம்மா, "யாராவது வாங்களேன்" என்று கூப்பிட்டார். வழக்கம்போல ரேடியோவோடு மல்லுக்கட்டுகிறார் என்று நினைத்து, தூக்கம் கெடுகிறதே என்று அடைத்துவிட்டேன்.

"ஊர் வம்பெல்லாம் கேக்குற, அந்தம்மா சத்தம் மட்டும் உன் காதுல விழலையா?" என்று நேற்று கேட்டீர்களே. விழுந்தது. அடைத்த பிறகும் தினமும் மதியம் விழுகிறது.

அந்தம்மாவின் தங்கையிடம் இதைச் சொல்லிவிட்டு வரப் போகிறேன். சாவி செருப்பு அலமாரியில்.

பி.கு: ஆட்கள் போனபின் குழாய்க்குக் கீழே கொஞ்சம் உட்காருங்கள். கூப்பிடுவது கேட்டால், "வர்றேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அன்று நான் சொல்லவில்லை.