கதிரேசன் நடந்த விதம்

வியாழக்கிழமை, இரவு.

தூங்கியே ஆக வேண்டும். ஆனால் கண்ணை மூடப் பயமாக இருக்கிறது.

இன்று கொத்மலையிலிருந்து பஸ்ஸோடு திரும்பும்போது பிற்பகல் மூன்று மணிக்கே பனி மூடிவிட்டது. வழக்கம்போல கண்டக்டர் கதிரேசன் இறங்கி, டோர்ச்சைப் பின்பக்கம் காட்டியபடி பஸ்ஸுக்கு முன்னால் நடந்தான். அந்த வெளிச்சத்தை நம்பித்தான் ஓட்டினேன். ஆள் இல்லையென்று ஆறு நாளாக எனக்கு இரட்டை டியூட்டி. எப்போது கண் செருகியதென்று தெரியவில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே படபடவென்று கையால் அடிக்கும் சத்தம் கேட்டுத்தான் பிரேக்கை மிதித்தேன். பஸ் அவன்மேல் முட்டி நின்றிருந்தது. ஓர் எட்டு தள்ளிப் பள்ளம்.

உள்ளே இருந்த பெண்கள், "என்னாங்க ஆச்சு?" என்று பதறினார்கள்.

"ஒண்ணுமில்லக்கா, பிரேக் கொஞ்சம் சுணங்கிருச்சு" என்றான் கதிரேசன்.

டிப்போவில் ஒரு நாள் லீவு கேட்டேன்.

"நீங்களும் நின்னுட்டா அந்த ரூட்டுக்கு யாருங்க இருக்கா?" என்றார் டைம் கீப்பர்.

தூங்கிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் காலை நாலரைக்கு மறுபடி அதே பாதை, அதே கதிரேசன்.

இன்று அதற்குப் பிறகு, டிப்போ வரும்வரை மீதி வளைவுகளிலும் அவன்தான் இறங்கி நடந்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் பாதையைப் பார்த்து நடக்கவில்லை. பள்ளம் எந்தப் பக்கமென்றுகூடத் திரும்பாமல், என் கண்களையே பார்த்துக்கொண்டு பின்னோக்கி நடந்தான்.