கீழே திறக்கும் பை

என் செல்ல எஸ்தர் அக்காவுக்கு,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. என் கோபம் மட்டும் இன்னும் போகவில்லை. போன ஞாயிறு நம் சித்தூர் சர்ச்சில், ஆராதனை நடுவே எழுந்து நின்று, பிரசங்கம் செய்த போதகர் ஐயரையே மறுத்துப் பேசிவிட்டேன். "அய்யய்யோ, மானத்த வாங்கிட்டியேடி" என்று தலையில் அடித்துக்கொள்வாய். அடித்துக்கொள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டு அடித்துக்கொள்.

குடலில் இருந்த கட்டியை எடுத்துவிட்டு, சிறுகுடலின் முனையை உன் வயிற்றுக்கு வெளியே வைத்துத் தைத்தார்கள். இனி மலம் இதன் வழியாகத்தான் வரும், மேலே பை ஒட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். எந்தப் பை என்று யாராவது சொன்னார்களா? சீட்டில் வெறும் 'பை' என்று எழுதிக் கொடுத்தார்கள். செருப்புக் கடையில்கூடக் கால் அளவு கேட்கிறான், அக்கா.

வாங்கப் போனது நான். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் இரண்டு வகையை எடுத்துப் போட்டான். ஒன்று, கீழே திறந்து கொட்டிவிட்டு மறுபடி கிளிப் போடுவது. இன்னொன்று, முழுக்க மூடியது. "எதுப்பா நல்லது?" என்றேன். "அன்னி ஒகட்டேம்மா, எல்லாம் ஒன்னுதான்" என்றான், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். மூடியதை எடுத்தேன். நாற்றம் வெளியே வராது, சர்ச்சில் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்த மாட்டார்கள். என் புத்தி அவ்வளவுதான். உன் வயிறு என் நினைப்பிலேயே இல்லை. ஊர்க்காரர்களின் மூக்குதான் இருந்தது.

மூடிய பை, கெட்டியாகப் போகிறவர்களுக்கு. உனக்கோ கஞ்சித் தண்ணீர் மாதிரி நாள் முழுக்க வந்துகொண்டே இருந்தது. நிரம்பும்போதெல்லாம் முழுப் பையையும் பிய்த்து எறிந்துவிட்டு வேறொன்று ஒட்டினாய். தோல் வெந்து புண்ணாகிவிட்டது. பாவாடை நாடா வேறு சரியாக அந்த இடத்திலேயே வந்து அழுத்தியது. ஆபரேஷனுக்கு இடம் குறித்தவர்கள் உன்னைப் படுக்கவைத்தே குறித்தார்கள். புடவை எங்கே கட்டுவாய் என்று ஒருவராவது கேட்டாரா? "எரியுதாக்கா?" என்றால், "எரியாம இன்னா பண்ணும்? வேலையப் பாத்துக்கினு போடி" என்று என்னைத் துரத்துவாய்.

பிறகு வாராவாரம் சனிக்கிழமை மதியத்திலிருந்தே சாப்பிடுவதை நிறுத்தினாய். தண்ணீர்கூடக் கிடையாது. "ஒரு வாய் துன்னுக்கா" என்று கெஞ்சினால், "உபவாசம்டி, நாளைக்கு ஆராதனை முடிச்சிட்டுத் துன்றேன்" என்பாய். நானும் நம்பினேன். "வயித்துல ஆபரேஷன் ஆகியும் எஸ்தரம்மா உபவாசத்த விடல, பாருங்க" என்று ஐயர் பிரசங்கத்தில் புகழ்ந்தபோது பூரித்துப்போய் உன் கையைப் பிடித்தேன். நீ தலை நிமிரவே இல்லை.

கடைசியில், திருப்பதி ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் சொன்னாய். "உபவாசமெல்லாம் இல்லடி. துன்னா பை ரொம்பி சர்ச்சுல ஒழுவிடும்னு பயம்." உடம்பில் தண்ணீரே இல்லாமல் கிட்னி நின்றுபோயிருந்தது. உன் வயிற்றைப் பார்த்த நர்ஸம்மா, "யாரும்மா இந்தப் பையக் குடுத்தது?" என்று கத்தினார். நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாளில் நீ போய்விட்டாய்.

போன ஞாயிறு உனக்கு நினைவு ஆராதனை. ஐயர் மறுபடியும், "எஸ்தரம்மாவோட உபவாசம் நமக்கெல்லாம் ஒரு சாட்சி" என்று ஆரம்பித்தார். எழுந்துவிட்டேன்.

"இல்லீங்க ஐயரே. எங்கக்கா உபவாசம் இருக்கல, பட்டினி கெடந்தா. பை ஒழுவினா நீங்கள்லாம் மூஞ்ச சுளிப்பீங்கன்னு பயந்து, தண்ணி குடிக்காம செத்துப்போனா. தப்பான பைய வாங்கினு வந்தவ நானு."

ஐயருக்கு வியர்த்துவிட்டது. பாவம், அவருக்கும் யாரும் சொல்லவில்லைதான். ஆனால் எனக்கு அன்று இரக்கம் வரவில்லை.

வெளியே வந்ததும் ஒருத்தி என் கையைப் பிடித்துச் சர்ச்சுக்குப் பின்பக்கம் இழுத்துப் போனாள். பாகாலாவிலிருந்து வருவாளே மெர்சி, நமக்கு முன் பெஞ்சு, அவள்தான். புடவையை விலக்கிக் காட்டினாள். அதே மூடிய பை! "எனுக்கும் சிறுகுடல்தான், போன மாசம் வெச்சாங்க. ஐயர் உங்கக்காவப் பத்தியே சொல்லிக்கினு இருப்பாரா, அதான் நானும் சனிக்கிழம துன்றதில்ல" என்றாள். அவள் உதடெல்லாம் வெடித்திருந்தது.

அவளை அப்படியே இழுத்துக்கொண்டு ஓடினேன், அக்கா. எதிர்க்கடையில் உப்பு மோர் வாங்கிக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை முன்னாலேயே நின்றேன்.

மறுநாளே திருப்பதிக்கு, அதே நர்ஸம்மாவிடம் கூட்டிப்போனேன். மெர்சியை உட்காரவைத்தார், குனியவைத்தார், புடவையைக் கட்டிக் காட்டச் சொன்னார். வெளியே இருந்த குடல் முனையை அட்டையால் அளந்து, பையில் அந்த அளவுக்கே ஓட்டை வெட்ட வேண்டும் என்று காட்டினார். கீழே திறக்கும் பைகளில் மூன்று வகையை அவள் மடியில் போட்டு, "நீ சொல்லும்மா, உனக்கு எது சௌகரியம்?" என்றார்.

நான் அங்கேயே அழுதுவிட்டேன். இவ்வளவுதானா? இந்த ஒரு கேள்வியைத்தானா நாங்கள் யாரும் உன்னிடம் கேட்காமல் போனோம்?

வரும் ஞாயிறு மெர்சி உன் இடத்தில், என் பக்கத்தில் உட்காருவாள். வயிறு நிறைய இட்லி துன்னுட்டுத்தான் வரணும் என்று சொல்லிவிட்டேன். ஆராதனை நடுவே பையைக் காலி செய்ய அவள் எழுந்தால் நானும் கூடவே எழுந்து போவேன். எவராவது மூக்கில் கை வைக்கட்டும், அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன்னைக் கேட்காமலேயே உனக்குப் பை வாங்கி வந்த,
உன் தங்கச்சி
ரூத்